கோரிப்பாளையத்துப் பாலத்தை அப்படியே கவுஹாத்தியில் கட்டலாமா?

மதுரையில் சிவில் முடித்து, பாலம் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் வேலையாகவே கவுஹாத்தி நகருக்குள் பல கண்கள் கொண்ட சாலைப் பாலம் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. "கோரிப்பாளையம் மேம்பால வேலையைத் தினமும் பார்த்துக்கொண்டே காலேஜ் போனவன் நான். அங்கேயும் அதே பைல், அதே பியர், அதே கர்டர்தானே? நிலநடுக்க ஊர் என்றால் கம்பியைக் கூட்டிப் போட்டால் போதாதா? மதுரை இரண்டாம் மண்டலம் என்பதால் இங்கே இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா?" இவைதான் கேள்விகள். (பைல் என்பது மண்ணுக்குள் இறக்கும் தூண், பியர் தரைக்கு மேலே நிற்கும் தூண், கர்டர் பியருக்குப் பியர் போகும் உத்திரம், கண் என்பது அடுத்தடுத்த இரண்டு பியருக்கு நடுவே உள்ள பாலப் பகுதி. மண்டலம் என்பது நிலநடுக்க ஆபத்தை வைத்து நாட்டைப் பிரித்தது; இரண்டு குறைந்தது, ஐந்து மிக அதிகம்.)

கம்பியைக் கூட்டினால் போதாது தம்பி. பியரின் அடியில் கணக்கில்லாமல் கம்பியைக் கூட்டினால் பாலம் இன்னும் மோசமாக உடையும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம், அப்போதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் புரியும்.

30 மீட்டர் கண், இரண்டு வழித்தட அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக் (மேல் தளம்), கர்டர், பியர் கேப் (பியரின் தலையில் கர்டரைத் தாங்கும் குறுக்குக் கட்டை), பியரின் மேல்பாதி எல்லாம் சேர்ந்து ஒரு பியர் மேல் சுமார் 400 டன் உட்காரும். பியர் 7 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் விட்டம். இதன் இயல்பான அசைவுக் காலம், அதாவது ஒரு முறை ஆடி வர எடுக்கும் நேரம், ஏறக்குறைய 0.4 விநாடி வரும். நிலநடுக்கம் மிக அதிகமாக உலுக்கும் பகுதி அதுதான், அங்கே தரையின் உலுக்கலைப் பாலம் எத்தனை மடங்காக உணரும் என்று சொல்லும் முடுக்கக் குணகம் 2.5. நகருக்குள் இருக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் மேம்பாலத்துக்கும் சாலைப் பாலங்களுக்கான நிலநடுக்க வழிகாட்டியான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 114 கொடுக்கும் முக்கியத்துவக் காரணி 1.2. மண்டலக் காரணி மதுரைக்கு 0.10, ஐந்தாம் மண்டலமான கவுஹாத்திக்கு 0.36. இதில் பாதியை எடுத்து, மற்ற இரண்டாலும் பெருக்கினால் மதுரையில் பாலத்தின் எடையில் 15 சதவீதமும் கவுஹாத்தியில் 54 சதவீதமும் பக்கவாட்டு விசையாக வரும். 400 டன்னுக்கு மதுரையில் 60 டன், கவுஹாத்தியில் 216 டன்.

இந்த 216 டன்னை அப்படியே தாங்கும்படி யாரும் பியர் கட்டுவதில்லை. தனித் தூண் கான்கிரீட் பியருக்கு 3 ஆல் வகுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அப்படி வகுத்தால் மதுரையில் 20 டன், கவுஹாத்தியில் 72 டன். மதுரையின் இந்த 20 டன்னைக் கொஞ்சம் கவனியுங்கள். வடிவமைப்புக்கென்று விதி வைத்திருக்கும் 100 டன் எடையுள்ள 70ஆர் வண்டி பாலத்தின் மேல் பிரேக் போட்டால் வடிவமைப்பில் எடுக்கும் விசையும் அதே 20 டன்தான். அதனால்தான் நம் பக்கத்தில் பிரேக் விசைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டாலே நிலநடுக்கமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இதே பழக்கத்தில் கவுஹாத்திக்குப் போகிறவர் 20 இருந்த இடத்தில் 72 என்று எழுதி, கம்பியைக் கூட்டி, வேலை முடிந்தது என்று நினைப்பார். வகுத்துக்கொண்டோமே, அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விஷயமே தொடங்குகிறது.

உண்மையான நிலநடுக்கம் வந்தால் பியருக்கு 72 டன் மட்டும் வராது. அதைவிடப் பெரிய விசை வரும், பியரின் அடிப்பகுதிக் கம்பிகள் இழுபட்டு நீளத் தொடங்கும். அப்படி நீண்டு, திரும்பி வந்து, மறுபடி நீண்டு ஆற்றலைச் செரித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் விதி 3 ஆல் வகுக்க விடுகிறது. பியர் அங்கே சேதமாகும் என்று தெரிந்தே வடிவமைக்கிறோம். பைல் உடையக் கூடாது, பைல்களின் தலையைச் சேர்த்துப் பியரைத் தாங்கும் பைல் கேப் உடையக் கூடாது, பியருக்கும் கர்டருக்கும் நடுவே இருக்கும் பேரிங் அறுந்து கர்டர் விழக் கூடாது. சேதம் வந்தால் பியரின் அடியில் ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்துக்குள், கண்ணால் பார்த்துப் பழுது நீக்கக்கூடிய இடத்தில் வர வேண்டும். பேரிங்குக்கும் இணைப்புகளுக்கும் மட்டும் 3 ஆல் வகுக்கும் சலுகை கிடையாது, அவை முழு விசையையும் தாங்க வேண்டும்.

கம்பியைக் கூட்டக் கூடாது என்று சொன்னது இதனால்தான். சைட்டில் 25 மி.மீ. கம்பி தீர்ந்துவிட்டது, 32 இருக்கிறது, அதையே போட்டுவிடலாம், பாலத்துக்கு நல்லதுதானே என்பார்கள். டெக் ஸ்லாபில் போட்டால் பணம்தான் நஷ்டம். பியரின் அடியில் போட்டால் அங்கே எஃகு 64 சதவீதம் கூடிவிடும். நீண்டு கொடுக்க வேண்டிய இடம் நீளாமல் விறைத்து நிற்கும். அப்போது அது கீழே பைலுக்கும், குறுக்கே பியரின் உடம்புக்கும் அனுப்பும் விசை நீங்கள் கணக்கில் எடுத்ததைவிடப் பெரிதாகிவிடும். வளைந்து கொடுத்தால் விழாமல் நின்றிருக்கும் தூண், குறுக்கே வெட்டும் விசையில் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே முதலில் பியர் அடியின் வளைவுத் தாங்குதிறனைக் கணக்கிட்டு, அதை 1.35 ஆல் பெருக்கி, அந்தப் பெரிய எண்ணுக்குத்தான் மற்ற உறுப்புகளை வடிவமைக்க வேண்டும். கம்பியும் அதிகம் நீளக்கூடிய ஃபெ 500 டி வகையாக இருக்கட்டும். சாதாரண ஃபெ 500 அறுவதற்கு முன் 12 சதவீதம் நீண்டால் போதும் என்கிறது கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786, டி வகைக்கு 16 சதவீதம் கேட்கிறது.

இனி ரிங் கம்பி, அதாவது நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். என்னைக் கேட்டால் நிலநடுக்கப் பாலத்தில் வேறு எதையும்விட நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். பியரின் வெளிக்கான்கிரீட் உதிர்ந்த பிறகு உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்காமல் நிற்பது ரிங் கட்டிப் பிடித்திருப்பதால்தான். உலக்கையில் பூண் கழன்றால் மரம் பிளக்கிற மாதிரி, ரிங் திறந்தால் பியர் அடியில் பிதுங்கிவிடும். நெடுக்குக் கம்பி 32 மி.மீ. என்றால் ரிங் இடைவெளி அதைப்போல 5 மடங்குக்குள், அதாவது 160 மி.மீ.யைத் தாண்டாமல் வேண்டும். நடைமுறையில் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. கொக்கி 135 டிகிரி மடங்கி, முனை உள்கான்கிரீட்டுக்குள் ரிங் கம்பியின் தடிமனைப்போல 10 மடங்கு நீளம் போயிருக்க வேண்டும். 90 டிகிரியில் மடக்கிய கொக்கி, வெளிக்கான்கிரீட் உதிர்ந்ததும் நிமிர்ந்து திறந்துகொள்ளும். அதோடு அந்த ரிங் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

படத்தில் 135 என்று எழுதுவது சுலபம். கூண்டுக்குள் நின்று பாருங்கள். 32 மி.மீ. கம்பிகள் நெருக்கமாக நிற்கின்றன, அவற்றைச் சுற்றி 16 மி.மீ. ரிங், அதற்கு நடுவே குறுக்குக் கட்டுக் கம்பிகள். இரண்டு பக்கமும் 135 மடக்கிய குறுக்குக் கட்டை அந்த இடுக்கில் நுழைக்கவே முடியாது. கம்பி கட்டுகிறவர் ஒரு பக்கத்தை 90 ஆக விட்டு, மாட்டிய பிறகு குழாயைச் செருகி வளைப்பார். பொழுது சாய்ந்து, மறுநாள் காலையில் கான்கிரீட் வண்டி வருகிறது என்றால் அந்த இரண்டாவது வளைப்பு நடக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வட்டத் தூணுக்குச் சுருள் கம்பியோ, முனைகளை வெல்டு செய்த வளையமோ கொடுத்திருந்தால் அவருக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது. அதை முடிவு செய்வது மேஜையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள். அதே மாதிரி, இவ்வளவு நெருக்கத்தில் முக்கால் இஞ்ச் ஜல்லி இறங்காது, வைப்ரேட்டர் ஊசியும் எல்லா இடத்துக்கும் போகாது. அரை இஞ்ச் ஜல்லியும், தானாகப் பரவும் கலவையும் என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். பியரின் அடிப்பகுதியில் கம்பி ஒட்டு வரவே கூடாது. பைல் கேப்பிலிருந்து கிளம்பும் கம்பியை அங்கேயே ஒட்டுப் போடுவதுதான் சைட்டுக்கு வசதி. அந்த வசதியைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன்.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் ஹான்ஷின் உயர்சாலையின் 600 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் தனித் தூண்களோடு பக்கவாட்டில் சாய்ந்து படுத்ததை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நெடுக்குக் கம்பிகளில் ஒரு பகுதியைத் தூணின் நடுவழியிலேயே நிறுத்தியிருந்தார்கள், ரிங் கம்பியும் போதாது. கம்பி நின்ற இடத்தில்தான் தூண் உடைந்தது. நகருக்குள் சாலை நடுவே மீடியன் அகலத்துக்குள் ஒரே தூணை நிறுத்தி, மேலே இரண்டு பக்கமும் கை நீட்டிய பியர் கேப் வைப்பதுதான் இன்று நம் எல்லா ஊர்களிலும் வழக்கம். கீழே போக்குவரத்துக்கு அதுதான் இடம் விடுகிறது. ஆனால் அந்தத் தூண் உடைந்தால் பாரத்தை வாங்கிக்கொள்ள வேறு தூண் கிடையாது. கவுஹாத்தியில் சாலை அகலம் இடம் கொடுக்கும் இடங்களிலெல்லாம் இரண்டு தூண் சட்டகமாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்றால் தனித் தூணில் ரிங் விஷயத்தில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, பல கண் பாலத்துக்கே உரிய ஒரு சிக்கல். மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் பியர் குட்டை, நடுவில் நெட்டை. தூணின் உயரம் பாதியானால் விறைப்பு 8 மடங்காகும். 7 மீட்டர் பியரும் 14 மீட்டர் பியரும் ஒரே தொடர் டெக்கை நிலையான பேரிங்கில் பிடித்திருந்தால், இரண்டும் ஒரே அளவு நகர வேண்டும். அப்போது 8 பங்கு விசை குட்டைப் பியருக்கும் 1 பங்கு நெட்டைப் பியருக்கும் போகும். குட்டைதான் பலமானது என்று கண்ணுக்குத் தோன்றும், ஆனால் முதலில் உடைவது அதுதான். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், 5ஆம் இன்டர்ஸ்டேட்டும் 14ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் பாலம் விழுந்ததற்கு இப்படிப்பட்ட ஒரு குட்டைத் தூணைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

இதற்கு வழி உண்டு. குட்டைப் பியர்களின் மேல் நகரும் பேரிங்கோ எலாஸ்டோமெரிக் (ரப்பர்) பேரிங்கோ வைத்து அவற்றை விடுவிக்கலாம். பைல் கேப்பைக் கீழே இறக்கி, பியரைச் சுற்றி இடைவெளி விட்டு உறை கட்டி, தூணின் உண்மையான நீளத்தைக் கூட்டலாம். நான் அதிகம் விரும்புவது, எல்லாப் பியர் மேலும் ஈயக் கரு வைத்த ரப்பர் பேரிங் வைப்பதை. அப்போது விறைப்பைத் தீர்மானிப்பது தூண் அல்ல, பேரிங். பேரிங் எல்லாமே ஒரே அளவு என்றால் விசையும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரியும். அசைவுக் காலம் நீண்டு விசையும் குறையும். செலவு கூடும், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில் (டெக் நீளவும் சுருங்கவும் விடும் இடைவெளியில்) பெரிய நகர்வுக்கு இடம் விட வேண்டும். ஆனால் ஆழமான சேற்று மண்ணில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், மண்ணே மெதுவாக ஆடும் இடத்தில் பாலத்தையும் மெதுவாக்கினால் இரண்டும் சேர்ந்து ஆடத் தொடங்கும். அந்த மாதிரி இடத்தில் அதிர்ச்சி கடத்திகள் உதவும். வெயிலில் டெக் மெதுவாக நீளும்போது அவை விட்டுக்கொடுக்கும், திடீர் உலுக்கல் வந்தால் இறுகி விசையைப் பல பியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வந்ததால் ஒன்று. கவுஹாத்தியும் மதுரையும் மண் விஷயத்தில் ஓரளவு உறவுக்கார ஊர்கள். இங்கே யானைமலையும் திருப்பரங்குன்றமும் மாதிரி அங்கே நீலாச்சல மலையும் மற்றக் குன்றுகளும் பழைய பாறை. இங்கே கண்மாய்களை மூடி மனையாக்கின மாதிரி அங்கே பீல் என்கிற நீர்நிலைகளின் ஓரம் மண் கொட்டி ஊர் வளர்ந்திருக்கிறது. ஒரே பாலத்தின் ஒரு முனை பாறையிலும் மறு முனை பழைய நீர்நிலையிலும் நிற்கலாம். நம் 14 மீட்டர் பியருக்கு அசைவுக் காலம் 1.1 விநாடி. அது கடினமான தரையில் நின்றால் குணகம் 0.9, மென்மண்ணில் நின்றால் 1.5. விசை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. 1989இல் கலிபோர்னியாவின் லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தில் 42 பேர் இறந்த சைப்ரஸ் இரட்டை அடுக்குச் சாலை, கடலோரச் சேற்றின் மேல் நின்ற பகுதியில்தான் விழுந்தது. நிலநடுக்க மையம் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி.

பிரம்மபுத்திரா கரையின் நுண்மணல் நீரில் ஊறியிருக்கும்போது உலுக்கினால் குழம்பாகிவிடும். பைலைப் பக்கவாட்டில் பிடித்திருந்த மண் அப்போது பிடிக்காது. 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில், திறந்து சில வாரமே ஆன ஷோவா பாலத்தின் கண்கள் ஆற்றுக்குள் விழுந்தது இந்தச் சங்கதியால்தான். எந்த ஆழம் வரை மணல் குழம்பும் என்று பார்த்து, அந்த ஆழம் முழுக்கப் பைலுக்குப் பக்கத் துணையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கர்டர் உட்காரும் இடத்தின் அகலம் தனியாகச் சொல்ல வேண்டியது. பியர் எவ்வளவு நன்றாக நின்றாலும், கர்டர் முனை இருக்கையை விட்டு வழுக்கினால் கண் கீழே வந்துவிடும். லோமா பிரியெட்டாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் மேல் தளத்தில் 15 மீட்டர் நீளத் துண்டு அப்படித்தான் விழுந்தது. நம் விதிப்படி நான்காம், ஐந்தாம் மண்டலத்துக்குக் குறைந்தபட்ச இருக்கை 508 மி.மீ., அதோடு கண் நீளத்துக்கு மீட்டருக்கு 2.5, பியர் உயரத்துக்கு மீட்டருக்கு 10. நம் பாலத்துக்கு 653 மி.மீ. வரும். இரண்டாம், மூன்றாம் மண்டலத்துக்கு 508க்குப் பதில் 305, அதன்படி 450 மி.மீ. கோபேவுக்குப் பிறகு ஜப்பானியர் கேட்பது 70 செ.மீ., அதோடு கண் நீளத்துக்கு மீட்டருக்கு அரை செ.மீ., அதாவது இதே கண்ணுக்கு 85 செ.மீ. நான் அந்த 85ஐத்தான் எடுப்பேன். இருக்கையை 20 செ.மீ. அகலப்படுத்தும் செலவு மொத்தத் திட்டத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டுத் தடுப்புக் கட்டைகளையும் கண்ணோடு கண்ணைப் பிணைக்கும் கேபிளையும் இதோடு சேர்த்துக் கொடுங்கள். கண்களை முடிந்தவரை தொடராக்கிவிட்டால் விழுவதற்கான முனைகளே குறையும்.

கட்டும்போது பாலம் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். கர்டர்கள் தனித்தனியாகப் பேரிங் மேல் நிற்கும் நாட்களில், குறுக்கு உத்திரமும் டெக்கும் வருவதற்கு முன், ஒரு சின்ன நடுக்கம் போதும் அவற்றைச் சாய்க்க. நிலநடுக்கமே இல்லாமல், 2021 ஆகஸ்டில் மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் கர்டரை ஜாக்கியில் தூக்கும் வேலையின்போது ஒரு பகுதி விழுந்து தொழிலாளி ஒருவர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கர்டர் ஏற்றிய அன்றே தற்காலிகக் கட்டுகளைப் போட வேண்டும் என்பது படத்தில் ஒரு குறிப்பாக அல்ல, தனித் தாளாகவே இருக்கட்டும்.

இனி மதுரை. இரண்டாம் மண்டலத்தில் கண் 15 மீட்டருக்குள், மொத்த நீளம் 60 மீட்டருக்குள் இருந்தால்தான் நிலநடுக்கக் கணக்கிலிருந்து விலக்கு. நகருக்குள் இப்போது கட்டும் எந்த மேம்பாலமும் அந்த அளவில் இல்லை, ஆகவே கணக்கு கட்டாயம். எண் சின்னதாக வரும், அது சரி. ஆனால் 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அந்த ஊர் வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டு இரண்டாவதோடு சேர்த்தார்கள். கோயம்புத்தூர் பக்கம் 1900இல் ஆறு ரிக்டர் அளவுக்கு ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. கோரிப்பாளையத்துப் பாலம் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது. ஏதாவது நடந்தால் ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏ.வி. பாலத்தில் நிற்கும் கூட்டத்தையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திருவிழா கூடும் ஊர்களின் பாலத்தில் நடைபாதைச் சுமையைச் சதுர மீட்டருக்கு 400 கிலோவிலிருந்து 500 ஆக எடுக்கச் சொல்கிறது பாலத்தின் சுமைகளுக்கான விதி, ஐ.ஆர்.சி. 6. மதுரைக்கென்றே எழுதின மாதிரி ஒரு விதி அது.

ஆகவே மதுரையில் பெரிய பேரிங், அதிர்ச்சி கடத்தி எல்லாம் கேட்க மாட்டேன். அடியில் 100 மி.மீ. ரிங், 135 கொக்கி, டி வகைக் கம்பி, 60 செ.மீ.க்குக் குறையாத இருக்கை, பக்கத் தடுப்புக் கட்டை, இவை ஐந்தும் இங்கேயும் வேண்டும். வைகைக்குள் நிற்கும் பியர்களில் மணல் இறங்கி எவ்வளவு பைல் வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் 7 மீட்டர் என்று எடுத்த உயரம் அங்கே 9 ஆகியிருக்கலாம். கவுஹாத்தி வேலைக்கு, கர்டர் வகையைப் பற்றிப் பேச்சு எழும் முன்னால் ஒவ்வொரு பியர் இடத்துக்கும் போர்லாக் (துளையிட்டுப் பார்த்த மண் அடுக்கு விவரம்), நிலத்தடி நீர் மட்டம், பியர் உயரப் பட்டியல் மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.